ஏறு வரிசை, இறங்கு வரிசை

கரிம வேதியியலில் எனக்குத் தெரிந்ததில் பாதியை நான் பஸ்ஸில்தான் படித்தேன். காலை ஏழு பத்து வண்டி. உத்திரமேரூர் தாலுகாவில் எங்கள் ஊரிலிருந்து காஞ்சிபுரம் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆகும். இடது பக்கம் மூன்றாவது சீட். ஜன்னலோரம் அவள், பக்கத்தில் நான். பி.எஸ்ஸி. படித்த மூன்று வருஷமும் இந்த ஏற்பாடு மாறவில்லை.

அவள் ஊரில் பெரிய வீட்டுப் பெண். நான் காலனிப் பெண். என் அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் அறுப்புக்கும் போனது பெரும்பாலும் அவர்கள் கழனிக்குத்தான். பஸ் நிற்கும் புளியமரத்துக்கு அவள் ஊர்ப் பக்கத்திலிருந்து வருவாள், நான் ஏரிக்கரைப் பக்கத்திலிருந்து வருவேன். மாலையில் இறங்கியதும் அதே மாதிரி பிரிந்துவிடுவோம். அவள் வீட்டுக்குள் நான் போனதில்லை. அம்மாவுக்குச் சோறு எடுத்துக்கொண்டு பின்வாசல் வரை போயிருக்கிறேன். ஆனால் பஸ் ஏறிவிட்டால் ஒரே சீட், ஒரே நோட்டு, வாடி போடி. அவள் தலையிலிருக்கும் பூவில் பாதியைக் கிள்ளி எனக்கு வைத்துவிடுவாள். அதை நான் இறங்குமுன் எடுத்துவிடுவேன். ஏன் எடுக்கிறாய் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

நோட்டு என்னுடையது. எனக்குப் பட்டியல் போட்டால்தான் எதுவும் தலையில் நிற்கும். நூற்றிருபது பக்க நோட்டில் பக்கத்துக்கு ஒரு பட்டியல். முதல் பக்கத்தில் அமில வலிமை, அதிகத்திலிருந்து குறைவாக: முக்குளோரோ அசெட்டிக், இருகுளோரோ அசெட்டிக், குளோரோ அசெட்டிக், ஃபார்மிக், அசெட்டிக், ஃபீனால், தண்ணீர், ஆல்கஹால். அவளுக்கு மனப்பாடம் நன்றாக வரும். காரணம்தான் வராது. ஃபீனாலையும் ஆல்கஹாலையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்துவைத்து முறைத்துக்கொண்டிருப்பாள்.

“அமிலத்தயே இன்னாத்துக்குடி பாக்கற? அது புரோட்டான வுட்டப்புறம் மிச்சம் ஒண்ணு நிக்குது பாரு, அதப் பாரு. அது நிம்மதியா கீதா, தவிக்குதா?”

“நிம்மதியா இருந்தா?”

“இருந்தா சுளுவா வுட்டுடும். பலமான அமிலம். தவிச்சா வுடாது.”

“அப்ப பலம்ன்றது புடிச்சிக்கறதுல இல்ல, வுடறதுல கீதா?”

“ஆமா.”

“இது இன்னாடி அநியாயமா கீது” என்று சிரித்தாள். ஆனால் அதற்குப்பின் அமிலக் கேள்வி எதிலும் அவள் தவறவில்லை. அந்த வகுப்பில் அதை அவள் அளவுக்கு நன்றாகப் புரிந்துகொண்டவர் யாருமில்லை என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

எங்களைப் படுத்தி எடுத்தது பதினேழாம் பக்கம்தான். வினையின் நடுவில் தோன்றி, கண் மூடித் திறப்பதற்குள் வேறொன்றாகிவிடும் இடைநிலைப் பொருள்கள். அவற்றில் இரண்டின் பெயர் கார்போனியம், கார்பேனியன். (முன்னதற்கு இப்போது வேறு பெயர் சொல்கிறார்கள், அன்றைக்கு எங்கள் புத்தகத்தில் கார்போனியம்தான்.) பள்ளிக்கூடம் முழுக்கத் தமிழில் படித்துவிட்டு வந்த எங்கள் வாயில் இரண்டும் ஒன்றாகவே விழும். கார்போனியம் என்றால் எலக்ட்ரான் குறைந்த கார்பன், நேர்மின் சுமை. கார்பேனியன் என்றால் எலக்ட்ரான் கூடிப்போன கார்பன், எதிர்மின் சுமை. மீத்தைல், ஓரிணையம், ஈரிணையம், மூவிணையம் என்று ஒட்டும் மீத்தைல் குழுக்களைக் கூட்டி எழுதிக்கொண்டு போனால், முதலாவதற்கு நிலைப்புத்தன்மை ஏறிக்கொண்டே போகும். இரண்டாவதற்கு இறங்கிக்கொண்டே போகும். பெயரில் ஓரெழுத்து பிசகினால் விடை முழுக்கத் தலைகீழ்.

“ரெண்டுலயும் அதே மீத்தைல் குரூப்தான கீது? ஒண்ணுக்கு நல்லது பண்ணுது, இன்னொண்ணுக்கு கெட்டது பண்ணுதா?”

“மீத்தைல் எலக்ட்ரான தள்ளுது. இல்லாதவங்க வூட்டுக்கு ஒருத்தங்க அரிசி கொண்டாந்தா நல்லதுதான? குதிரு நெறஞ்சி வழியற வூட்டுக்குக் கொண்டாந்தா எங்க கொட்றது?”

“எங்க வூட்டச் சொல்றியா?”

“கார்பனச் சொல்றேன்டி.”

“எங்க வூட்டத்தான் சொல்ற. திமிரு.” என் தொடையில் கிள்ளினாள். வலித்தது. இரண்டு பேரும் சிரித்தோம்.

அப்போது வண்டி காவாந்தண்டலத்தில் நின்றிருந்தது. படிக்கட்டில் தொங்கிக்கொண்டிருந்த கன்டக்டர் கூடைக்காரப் பெண்களை விரட்டிக்கொண்டிருந்தார். “ஏறு ஏறு ஏறு! எறங்கறவங்க எறங்கு! ஏம்மா, ஒன் கூடைக்கு ஒருவாட்டி ஒனக்கு ஒருவாட்டியா வண்டி நிக்கும்?” அவள் என் கையிலிருந்த பென்சிலைப் பிடுங்கி, கார்போனியத்துக்குப் பக்கத்தில் ‘ஏறு’ என்றும் கார்பேனியனுக்குப் பக்கத்தில் ‘இறங்கு’ என்றும் எழுதினாள். அன்றிலிருந்து எங்களுக்குள் அவற்றுக்கு அவைதான் பெயர். “இன்னிக்கு எறங்கு வருமாடி?” என்று அவள் கேட்டால் பக்கத்திலிருப்பவர்கள் பஸ்ஸைப் பற்றி என்று நினைப்பார்கள்.

அவளிடம் இன்னொரு பழக்கம் உண்டு. எந்தப் பரீட்சை முடிந்தாலும் திரும்பும் பஸ்ஸில் என் நோட்டைப் பிரித்து, கேள்வியாக வந்த வரிகளுக்குப் பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் டிக் அடிப்பாள். வராததைப் படித்தது வீண் என்று வருத்தப்படுவாள். மூன்றாம் வருஷ முடிவில் நோட்டு முழுக்கச் சிவப்பாகக் கிடந்தது.

படிப்பு முடிந்து ஒரு வருஷம் வீட்டில் இருந்தேன். இருவருக்கும் முதல் வகுப்பு. கல்லூரி வேதியியல் துறையில் ஒரு டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை காலியாக இருப்பதாகவும் இருவரும் விண்ணப்பிக்கலாம் என்றும் துறைத் தலைவி அம்மையார் ஆளுக்கொரு கார்டு போட்டிருந்தார். மாணவிகளுக்குச் செய்முறை சொல்லிக்கொடுக்கிற, சோதனைக் குழாய்களோடு நாள் முழுக்க இருக்கிற வேலை. அது எனக்குப் பிடித்த வேலை என்பது ஒரு பக்கம். அது கிடைத்தால் அம்மா அவர்கள் கழனியில் இறங்க வேண்டியதில்லை. சேற்றுப்புண்ணில் அம்மாவின் விரலிடுக்குகள் ஆறுவதே இல்லை. எனக்கு வேறு யோசனையே கிடையாது, இது ஒன்றுதான்.

நேர்முகத் தேர்வுக்கு ஒரு வாரம் முன்னால் அவள் என்னைப் பஸ் நிறுத்தத்தில் பிடித்து நிறுத்தி நோட்டைக் கேட்டாள். கொடுத்தேன். எனக்கு அது தேவைப்படவில்லை.

அன்றைக்கும் அதே ஏழு பத்து, அதே சீட். “எனக்கு பயமா கீதுடி” என்றாள். “ஒனக்கு இன்னா, நீ தூக்கத்துல கேட்டாலே சொல்லுவ.” நோட்டைக் கொண்டுவந்தாயா என்று கேட்டதற்கு வீட்டிலேயே வைத்துவிட்டேன் என்றாள்.

தேர்வு மாடியில். கீழே படிக்கட்டுக்கு எதிரே ஒரு பெஞ்சு. எங்களோடு இன்னும் இரண்டு பேர் வந்திருந்தார்கள். அவர்கள் முதலில் போய்விட்டுச் சீக்கிரமே திரும்பினார்கள். “ஒண்ணும் புரியல. சென்னையிலருந்து ஒரு பெரியவர் வந்திருக்காரு, புது பல்செட்டு போல, வார்த்தையெல்லாம் உள்ளயே சுத்துது” என்று சொல்லிவிட்டு ஒருத்தி போனாள். மூன்றாவதாக அவள் போனாள். எனக்கு நீண்ட நேரமாகத் தெரிந்தது. கால் மணி இருக்கலாம். அவள் படி இறங்கி வரும்போதே மேலேயிருந்து லேப் அட்டெண்டர், “அடுத்தவங்க வாங்க” என்று குரல் கொடுத்தார். நான் எழுந்தேன். படிக்கட்டின் அடியில் அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“ஏறு” என்றாள்.

பதினேழாம் பக்கத்து ‘ஏறு’தானா என்று கேட்க, நான் ஆள்காட்டி விரலால் என் உள்ளங்கையில் கீழிருந்து மேலாக ஒரு கோடு இழுத்துக் காட்டினேன். அவள் கண்களை மூடித் திறந்தாள். அது போதும். ஏறினேன்.

பெரியவர் எடுத்த எடுப்பில் அதைத்தான் கேட்டார். அவர் வாயில் அது ‘கார்ப்பனிய’ என்று விழுந்து, கடைசி எழுத்து பல்செட்டுக்குள் போய்விட்டது. வேறு யாராக இருந்தாலும் திரும்பக் கேட்டிருப்பார்கள். நான் கேட்கவில்லை. எனக்குத்தான் தெரியுமே. மூவிணையம், ஈரிணையம், ஓரிணையம், மீத்தைல் என்று அதிகத்திலிருந்து குறைவாகச் சொன்னேன். காரணத்தை ஆரம்பித்தபோது அவர் கையை உயர்த்தினார். “வரிசை மட்டும் போதும்மா. நிச்சயமா?”

“நிச்சயம் சார்.”

அவர் பேனா மூடியைத் திருகி மூடினார். பிறகு ஃபீனாலைப் பற்றிக் கேட்டார்கள், குளோரின் சேர்ந்தால் அமிலம் ஏன் வலுக்கிறது என்று கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் நன்றாகவே சொன்னேன். துறைத் தலைவி அம்மையார் மட்டும் என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதை அன்று நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

திரும்பும் வண்டியில், “நீ சொன்னது கரெக்டுடி, ஏறுதான் கேட்டாரு” என்றேன். அவள் “உம்” என்றாள். செய்யாற்று மணலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். தலை வலிக்கிறது என்றாள்.

வேலை அவளுக்குக் கிடைத்தது. அதை எனக்குச் சொன்னது அம்மா. பெரிய வீட்டில் ஆட்களுக்கெல்லாம் லட்டு கொடுத்தார்கள் என்று இலையில் மடித்து இரண்டு கொண்டுவந்தாள். ஒன்றை நான் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது. நான்கு பேர் போன இடத்தில் ஒருவருக்குத்தான் கிடைக்கும், அந்த ஒருவர் அவளாக இருப்பதில் நியாயம் உண்டு, அவளும் முதல் வகுப்பு என்று எனக்கு நானே வரிசையாகச் சொல்லிக்கொண்டேன். அதில் எதுவும் பொய்யில்லை.

ஆறேழு வாரம் கழித்து நன்னடத்தைச் சான்றிதழ் வாங்கக் கல்லூரிக்குப் போனேன். லேப் வாசலில் அட்டெண்டர் உட்கார்ந்து பியூரெட் கழுவிக்கொண்டிருந்தார். மூன்று வருஷமாக எங்களைப் பார்த்தவர். எந்த அமிலம் எந்தப் புட்டியில் இருக்கிறது என்று மூடியைத் திறக்காமலே சொல்வார்.

“இன்னா பாப்பா, இப்பிடிப் பண்ணிட்டியே” என்றார்.

“இன்னாண்ணே பண்ணேன்?”

“அந்தப் பல்செட்டு ஐயா கேள்விலதான கவுந்த? ஒன் சிநேகிதப் பொண்ணு உஷாரு. அதுக்கும் மொதல்ல புரியல. ‘சார், பிளஸ்ஸா மைனஸா’ன்னு கேட்டுச்சி. அவுரு பேஜாராயிட்டாரு. ‘மைனஸ்மா, மைனஸ், எத்தினி வாட்டி சொல்றது’ன்னு மேசையத் தட்னாரு. நான் டீ வச்சிக்கினு பக்கத்துலதான் நின்னுக்கினு இருந்தேன், தளும்பி என் கைமேல ஊத்திக்கிச்சி. நீ இன்னாடான்னா அதயே தலகீழா சொல்லிட்டியாம். நீ போனப்புறம் நம்ம டிபார்ட்மென்ட்டு அம்மா எவ்ளோ சங்கடப்பட்டாங்க தெரியுமா?”

“மைனஸ்னா சொன்னாரு?”

“டார்ச்லைட்டுக்கு பேட்டரி போடற எனக்கு பிளஸ்ஸு மைனஸு தெரியாதா பாப்பா?”

நான் சான்றிதழ் வாங்கினேன். அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டேன். மரத்தடியில் உட்கார்ந்து மாலை வண்டி வரை காத்திருந்தேன். அந்த நேரத்தில் நான் மனதுக்குள் போட்ட பட்டியல் இன்னும் நினைவிருக்கிறது. அவள் உள்ளே கேட்டாள். பதில் கிடைத்தது. படி இறங்கினாள். பதினெட்டுப் படிகள். இறங்கும்போது யோசிக்க நேரமிருந்தது. என் கையைப் பிடித்தாள். ஏறு என்றாள். கண்ணை மூடித் திறந்தாள். இதில் எதைத் தற்செயல் என்று வைத்துப் பார்த்தாலும் வரிசை கூடவில்லை.

மாலை வண்டியில் அவளும் வந்தாள். புதுப் புடவை, தோளில் கைப்பை. என்னைப் பார்த்ததும் மூன்றாவது சீட்டில் ஜன்னலோரம் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். உட்கார்ந்தேன்.

“அன்னிக்கு மாடிப்படிகிட்ட எங்கிட்ட இன்னாடி சொன்ன?”

“என்னிக்கு?”

“இன்டர்வியூ அன்னிக்கு.”

“ஏறுன்னேன்.”

“எந்த ஏறு?”

“மாடி ஏறுன்னேன். ஒன்னக் கூப்புட்டாங்க இல்ல?”

“நான் கையில கோடு போட்டுக் காட்னேன். நீ கண்ண மூடித் தொறந்த.”

“தூசி கீசி வுழுந்திருக்கும். இதையெல்லாமா ஒருத்தி ஞாபகம் வச்சிக்கினு இருப்பா?”

“நீ பிளஸ்ஸா மைனஸான்னு கேட்டியாமே.”

கன்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டு வந்தார். அவள் எனக்கும் சேர்த்து வாங்கப் போனாள். நான் என்னுடையதை வாங்கிக்கொண்டேன். அவர் தாண்டிப் போனபின் அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசினாள். என்னைப் பார்க்கவில்லை.

“இந்த வேல கெடைக்கலன்னா தையில எனக்குக் கல்யாணம் முடிச்சிடுவாங்க. ஒரு ரைஸ்மில்லுக்காரன். எனக்கு வேற வழியில்ல. ஒங்களுக்கு இன்னா? கவர்மென்ட்டே ஒங்களுக்குன்னு எடம் எடுத்து வச்சிருக்கு. இன்னிக்கு இல்லன்னா நாளைக்கு ஒங்களுக்குக் கெடைக்கும்.”

சீட்டில் என்னைத் தவிர வேறு யாரும் இல்லை. மூன்று வருஷமும் அதற்குப் பிறகு ஒரு வருஷமும் அவள் என்னை ‘ஒனக்கு’ என்றுதான் சொன்னாள். இந்த ‘ஒங்களுக்கு’ மரியாதைக்காகச் சொன்னது இல்லை. அது ஏரிக்கரைப் பக்கம் இருக்கிற அத்தனை வீட்டையும் சேர்த்துச் சொன்னது. வழக்கமாகப் பஸ்ஸை விட்டு இறங்கியபின் பிரிகிற பாதை அன்றைக்குச் சீட்டிலேயே பிரிந்தது. தவறான வரிசையைச் சொல்லிக்கொடுத்ததைக்கூட நான் என்றைக்காவது மன்னித்திருப்பேன் என்று தோன்றுகிறது. ரைஸ்மில்லுக்காரனைப் பற்றி அவள் எனக்கு முன்னாலேயே சொல்லியிருந்தால் நான் அன்று போகாமலேகூட இருந்திருக்கலாம். தெரியவில்லை. அம்மாவின் கால்புண்ணை நினைத்தால் போயிருப்பேன்.

“நோட்டக் குடுத்துடு” என்றேன்.

“நாளைக்கே குடுக்கறேன். கிளாஸுக்குத்தான் வச்சிக்கினு இருந்தேன்.”

நான் எழுந்து, பின்னால் கூடைகளோடு நின்றிருந்தவர்களோடு நின்றுகொண்டேன். ஊர் வர முக்கால் மணி நேரம் இருந்தது.

இப்போது நான் ஒரு பால் குளிரூட்டும் நிலையத்தில் வேலை செய்கிறேன். கேன் கேனாக வரும் பாலில் புளிப்பு எவ்வளவு என்று அளப்பது என் வேலை. சொட்டுச் சொட்டாகக் காரம் விட்டு, இளஞ்சிவப்பு நிற்கும் இடத்தில் நிறுத்தவேண்டும். தினமும் அமிலத்தோடு இருப்பதால் தினமும் அந்த முதல் பக்கம் நினைவுக்கு வரும். ஆல்கஹால் புரோட்டானை விட்டால் வந்த சுமையை ஒரே ஒரு ஆக்சிஜன் தனியாகச் சுமக்கவேண்டும். அதனால் அது லேசில் விடாது. அசெட்டிக் அமிலம் விட்டால் இரண்டு ஆக்சிஜன்கள் பங்கிட்டுக்கொள்ளும், ஆகவே அதற்குச் சிரமமில்லை. அவளுக்குப் பங்கிட்டுக்கொள்ள வீடு இருந்தது, கழனி இருந்தது, ஊர் இருந்தது. மிச்சம் நிற்பது எவ்வளவு நிம்மதியாக இருக்கும் என்று பார்த்துவிட்டுத்தான் அவள் விட்டாள். அதைப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தது நான்.

இந்த வேலை கிடைப்பதற்கு இரண்டு வருஷம் ஆயிற்று. அந்த இரண்டு வருஷமும் அம்மா அவர்கள் கழனிக்குத்தான் போனாள். என்னால் ஊரில் யாரிடமும் எதுவும் சொல்ல முடியவில்லை. சொன்னால் மறுநாள் அம்மாவைக் கூப்பிடமாட்டார்கள்.

பஸ்ஸில் பேசியதற்கு மறுநாள் நோட்டு வந்தது. அவள் கொண்டுவரவில்லை. சாயங்காலம் அம்மா களையெடுப்பு முடிந்து, சேறு படாமல் முந்தானையில் சுற்றி எடுத்துவந்தாள்.

“பெரிய வூட்டுப் பாப்பா பின்வாசலாண்ட வந்து குடுத்துச்சி. ‘பத்தரமா எடுத்துக்கினு போங்க’ன்னு சொல்லிச்சி. இத்தினி வருசத்துல இன்னிக்குத்தான்டி என்ன வாங்க போங்கன்னு பேசிச்சி. வேலைக்குப் போனதும் எவ்ளோ மரியாத வந்துடுச்சி பாரு.”

“ஆமாம்மா.”

நோட்டைப் பிரித்தேன். பதினேழாம் பக்கம். பழைய சிவப்பு டிக்குகளுக்கு நடுவில் ஒன்று புதிதாக இருந்தது. பென்சில் அப்போதுதான் சீவியிருக்கவேண்டும், கூர்மையாக விழுந்திருந்தது. அது ‘இறங்கு’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இருந்தது. வீட்டுக்குப் போனதும் பழக்கத்தில் அடித்திருக்கிறாள். திருப்பிக் கொடுக்கும்போது அழிக்கவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

அம்மா தவலைத் தண்ணீரில் காலைக் கழுவிக்கொண்டே கேட்டாள். “இன்னாத்துக்கு அந்த ஒரு பக்கத்தயே பாத்துக்கினு கீற?”

“அன்னிக்கு வந்த கேள்விம்மா இது.”

“ஒனக்குத் தெரியாததா?”

“தெரிஞ்சதுதான்.”

அம்மா காலைத் துடைத்தாள். விரலிடுக்கில் மஞ்சளையும் எண்ணெயையும் குழைத்துத் தடவிக்கொண்டாள். “நாளைக்கி மேட்டுக் கழனில களை. வெயிலுக்கு முன்னாடி எறங்கச் சொன்னாங்க. நேரத்தோட எழுப்பி வுடு.”

“எழுப்பறேன்” என்றேன்.